ஆறடி எட்டங்குலம்

ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கம் தேடித்தந்த யாழ்ப்பாணத்து மாணவரின் வரலாறு

விளையாட்டுப் போட்டிகளுக்குள் உயரம் பாய்தல் ஒரு விசித்திரமான போட்டி. ஓட்டப் பந்தயத்தில் வெற்றி பெறுபவன் எல்லைக் கயிற்றை மார்பால் அறுத்துக்கொண்டு ஓட்டத்தை முடிக்கிறான். குண்டு போடுபவனும் ஈட்டி எறிபவனும் தாம் எறிந்த தூரத்திலே தமது வெற்றியைக் காண்கிறார்கள். உயரம் பாய்பவனுக்கோ வெற்றி கிட்டிய பின்னரும் கோல் அங்குலம் அங்குலமாக உயர்ந்துகொண்டே போகிறது. மற்றவர் யாவரும் விலகிய பிறகும் அவன் தனியனாய் நின்று பாய்கிறான். தொடர்ந்து மூன்று முறை கோலைத் தட்டிவிட்டால் அவனுடைய ஆட்டம் முடிந்தது. ஆகவே தங்கப் பதக்கம் பெறுபவனும் பெரும்பாலும் ஒரு தோல்வியுடனேயே அன்றைய களத்தை விட்டு வெளியேறுகிறான்.

இந்தப் போட்டிக்கு வேண்டிய சாதனங்கள் மிகவும் சொற்பம். திருகோணமலைப் பட்டணத்திலிருந்து வடக்கு நோக்கி, நிலாவெளி, குச்சவெளி வழியே கடலோரமாகச் சென்றால் திரியாய்க் கிராமத்தை அடையலாம். வயலும் பனையும் சூழ்ந்த பழம்பெரும் ஊர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டும் வந்து குடியமர்ந்த மக்களின் ஊர். இத்தகைய கிராமத்துப் பாடசாலை ஒன்றில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால், நாட்டிய இரண்டு கம்பங்களும், குறுக்கே ஒரு கோலும், கொத்திப் பரப்பிய மணலும் இருந்தாலே உயரம் பாய்தல் ஆரம்பித்துவிடும். ஓடுபாதைக்குப் பெரிய மைதானம் வேண்டும். நீச்சலுக்குத் தடாகம் வேண்டும். இதற்கோ ஒரு முற்றமே போதும்.

இவ்வளவு எளிய சாதனங்களுடன் தொடங்கும் ஒரு போட்டியிலே, வடபகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்த தமிழ் வாலிபர் ஒருவர் ஆசியாவிலேயே முதல்வராக நின்றார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முதலாகத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தவர் அவர். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்ற அவரது பெயரை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். ஆயின் இன்றைய மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அவர் எந்த நாட்களில் அவ்வெற்றியைப் பெற்றார் என்பதும், வெற்றிக்குப் பின் தமது வாழ்நாளை எவ்வாறு செலவிட்டார் என்பதும் நம் இல்லங்களில் எடுத்துரைக்கத் தக்கவை.

பெரியவிளானிலிருந்து ஹெல்சிங்கி வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் பெரியவிளான் என்றொரு கிராமம் உண்டு. அங்கே 1934 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 24 ஆந் திகதி எதிர்வீரசிங்கம் பிறந்தார். யாழ்ப்பாண நகரில் வளர்ந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே கல்வி கற்றார். வெஸ்லியன் மிசனரிமார் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஆரம்பித்த அக்கல்லூரி, படிப்போடு விளையாட்டையும் சமமாகப் போற்றி வந்த பழைய கல்லூரிகளுள் ஒன்று. கோட்டைக்கும் கடலேரிக்கும் அருகே, நகரின் நடுவே பரந்து கிடக்கும் அதன் மைதானம் யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் அறிமுகமானது.

அக்காலத்தில் இலங்கையின் விளையாட்டு வீரர்களுக்கு ஒரு பெரிய ஆதர்சம் கிடைத்திருந்தது. 1948 ஆம் ஆண்டு, நாடு சுதந்திரம் பெற்ற அதே வருடத்தில், இலண்டன் ஒலிம்பிக் விழாவிலே டங்கன் வைற் என்பவர் 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சின்னஞ்சிறு தீவிலிருந்து சென்றவரும் உலக மேடையில் ஏறி நிற்கலாம் என்பதை அவ்வெற்றி காட்டியது. பாடசாலைப் பிள்ளைகளின் மனத்திலே அது மூட்டிய உற்சாகத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1952 ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. இலங்கையின் சார்பில் உயரம் பாய்தலுக்கு அனுப்பப்பட்டவர் எதிர்வீரசிங்கம். அப்பொழுது அவருக்குப் பதினெட்டு வயது நிறைய ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது. வெயிலும் பனைமரமும் நிறைந்த யாழ்ப்பாணத்திலிருந்து, கோடையிலே சூரியன் நெடுநேரம் மறையாதிருக்கும் வடதுருவத்தை அடுத்த நாட்டுக்கு அவர் சென்றார்.

அவருக்கு அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் உலகின் தலைசிறந்த வீரர்களோடு ஒரே களத்தில் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவ்விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் பெற்றவர் அமெரிக்கரான வோல்டர் டேவிஸ். அவர் தாண்டிய உயரம் 2.04 மீற்றர். டேவிசின் கதையும் மாணவர்கள் கேட்கத் தக்கது. சிறு வயதிலே இளம்பிள்ளைவாதத்தால் பீடிக்கப்பட்டு, நடக்க இயலாமற் கிடந்த பிள்ளை அவர். அந்தக் கால்களைக் கொண்டே பின்னர் உலகத்தாரை வென்றார். அவருடைய தேக உயரம் 6 அடி 8 அங்குலம். இந்த அளவை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம். இது மீண்டும் வரும்.

கோலைத் தாண்டும் கலை

உயரம் பாய்தல் வெறும் கால்வலிமையினால் மட்டும் ஆவதன்று. அது கணக்கும் நுட்பமும் கலந்த ஒரு கலை. ஓடிவரும் வேகத்தை மேல்நோக்கிய எழுச்சியாக மாற்றுவதே அதன் இரகசியம். கடைசி அடிகளில் உடல் சற்றே தாழ்கிறது. உந்தும் கால் குதியை ஊன்றி நிலத்தை உதைக்கிறது. மற்றைக் காலும் இரு கைகளும் அதே கணத்தில் மேலே வீசப்படுகின்றன. இவை யாவும் ஒருசேர நிகழாவிட்டால் எத்தனை பலசாலியாயினும் கோல் விழுந்துவிடும்.

மேலே எழுந்த பின் கோலை எப்படிக் கடப்பது என்பது அடுத்த கேள்வி. பழைய முறை கத்தரிப் பாய்ச்சல். கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒரு காலுக்குப் பின் ஒரு காலாக விசிறிக் கடப்பது அது. நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடாமலே இம்முறையைத்தான் கையாள்வார்கள். ஆனால் அதிலே உடம்பு நிமிர்ந்திருப்பதால், இடுப்பைக் கோலுக்கு மேலே வெகு உயரம் தூக்கவேண்டியிருக்கிறது. அவ்வளவும் வீணாகும் சக்தி.

ஆகவே அமெரிக்கர்கள் உடம்பைப் பக்கவாட்டாகக் கிடத்திப் புரண்டு கடக்கும் முறையைக் கண்டார்கள். அதன் பின்னர் வயிறு கோலை நோக்கியிருக்கக் குப்புறப் படுத்தாற்போல் கவிழ்ந்து கடக்கும் முறை பரவியது. 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விழாவிலே டிக் பொஸ்பரி என்ற அமெரிக்க மாணவர் கோலுக்கு முதுகைக் காட்டி மல்லாந்து பாய்ந்து தங்கம் பெற்றதும், உலகம் முழுவதும் அம்முறைக்கே மாறிவிட்டது. உடல் வில்லாக வளையும் அம்முறையில், தேகத்தின் பாரமையம் கோலுக்குக் கீழாகச் செல்லும்போதே வீரர் கோலுக்கு மேலாகக் கடந்துவிட முடியும் என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள்.

எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலமோ பொஸ்பரிக்கு முந்தியது. மல்லாந்து விழுவதை அந்நாட்களில் நினைக்கவும் முடியாது. ஏனெனில் இன்று நாம் காணும் தடித்த மெத்தைகள் அப்போது இல்லை. மணலிலேயே பெரும்பாலும் விழவேண்டும். ஆறடிக்கு மேலிருந்து மணலில் முதுகோ கழுத்தோ மோதினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாய்வது எப்படி என்று யோசிக்கும் அதே நேரத்தில் விழுவது எப்படி என்றும் யோசிக்கவேண்டியிருந்த காலம் அது. அக்காலத்து அளவுகளை இன்றைய அளவுகளோடு ஒப்பிடும்போது இதை மறத்தலாகாது.

மெல்போர்ணும் மொழிச் சட்டமும்

1956 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் நகரில் அடுத்த ஒலிம்பிக் விழா நடைபெற்றது. எதிர்வீரசிங்கம் இரண்டாம் முறையாக இலங்கையின் பிரதிநிதியாய்ச் சென்றார். அதற்குள் உலகத்தின் தரம் மேலும் உயர்ந்திருந்தது. அவ்வாண்டு யூன் மாதம் 29 ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சாள்ஸ் டூமாஸ் என்னும் பத்தொன்பது வயது வாலிபர் ஏழடியைத் தாண்டிய முதல் மனிதர் என்ற கீர்த்தியைப் பெற்றார். மெல்போர்ணில் தங்கம் பெற்றவரும் அவரே, உயரம் 2.12 மீற்றர். எதிர்வீரசிங்கத்துக்கு இம்முறையும் பதக்கம் கிட்டவில்லை.

ஆனால் அதே 1956 ஆம் ஆண்டை இலங்கைத் தமிழர்கள் வேறொரு காரணத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அவ்வாண்டு யூன் மாதத்தில் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழி என்னும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரு நாட்டின் பெயரைச் சட்டையில் தாங்கி உலகத்தின் முன் நிற்கும் வாலிபரின் தாய்மொழிக்கு, அந்த நாட்டின் காரியாலயங்களிலே இடமில்லை என்று ஆயிற்று. 1957 ஆம் ஆண்டு பிரதம மந்திரி பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் சிறிது நம்பிக்கை அளித்தது. 1958 ஏப்ரல் மாதத்தில் அதுவும் கைவிடப்பட்டது.

திருகோணமலை மாவட்டமும் அந்நாளையக் குழப்பங்களிலிருந்து விலகி நிற்கவில்லை. 1957 ஒக்ரோபர் மாதத்தில் பிரித்தானியக் கடற்படையினர் திருகோணமலைத் துறைமுகத்தளத்தைக் கையளித்தனர். தளம் மூடப்படவே அங்கே வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பிழைப்பை இழந்தார்கள். அவர்களுள் சுமார் 400 பேரைப் பதவியாவிலே குடியேற்றலாம் என்று எழுந்த திட்டத்துக்குச் சிங்களவர் மத்தியில் கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1958 கலவரத்தின் முன்னோடியான காரணங்களுள் ஒன்றாக இதனைச் சரித்திரகாரர் குறிப்பிடுகின்றனர். திரியாயின் மேற்கே காட்டுக்கு அப்பால் கிடப்பதே அந்தப் பதவியா.

தோக்கியோவில் ஒன்பது நாட்கள்

மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா 1958 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆந் திகதி ஜப்பானியத் தலைநகரான தோக்கியோவில் ஆரம்பித்து, யூன் மாதம் 1 ஆந் திகதி நிறைவுற்றது. யுத்தத்தினால் சாம்பலாகிய நகரம் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் புத்துயிர் பெற்று, புதிதாக எழுப்பிய தேசிய அரங்கிலே ஆசிய நாடுகளை வரவேற்றது.

அந்தத் திகதிகளை இலங்கையின் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உள்ளம் நடுங்கும். மே மாதம் 22 ஆந் திகதி பொலன்னறுவைப் பகுதியிலே புகையிரதப் பயணிகளைத் தாக்கியதோடு கலவரம் ஆரம்பித்தது. தமிழரசுக் கட்சியின் மகாநாட்டுக்காக வவுனியாவுக்கு மக்கள் சென்றுகொண்டிருந்த நேரம் அது. தோக்கியோவில் விழா தொடங்கிய நாட்களில், இங்கே கலவரத்தீ கொழும்பு வரை பரவியது. வீடுகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். மே 27 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. கொழும்பில் அகதிகளான தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த விழாவிலேதான் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். அடிக்கணக்கில் அது ஏறக்குறைய 6 அடி 8 அங்குலம். ஆசிய விளையாட்டு விழாக்களில் அதுவரை எவரும் தாண்டாத உயரம். ஆறு வருடங்களுக்கு முன் ஹெல்சிங்கியில் உலகத் தங்கத்துக்குப் போதுமாயிருந்த உயரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சென்ரிமீற்றர். வேறு விதமாகச் சொன்னால், அன்றைய ஒலிம்பிக் வீரர் டேவிஸ் நிமிர்ந்து நின்றால் அவர் தலைக்கு மேலாகத் தாண்டிவிடும் அளவு. வீட்டு வாசலின் நிலையை அண்ணாந்து பார்த்தால், அந்த உயரம் எத்தகையது என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

வெற்றி பெற்றவரின் நாட்டுக் கொடியைக் கம்பத்தில் ஏற்றுவது இவ்விழாக்களின் மரபு. இலங்கையின் சிங்கக் கொடியிலே 1951 ஆம் ஆண்டு இரண்டு பட்டிகள் சேர்க்கப்பட்டன. பச்சைப் பட்டி முஸ்லிம் மக்களையும், செம்மஞ்சள் பட்டி தமிழ் மக்களையும் குறிப்பன. ஆசிய விளையாட்டு விழாவிலே முதன்முறையாக அந்தக் கொடி எல்லாக் கொடிகளுக்கும் மேலாக உயர்ந்தபோது, அதனை உயர்த்தியவர் அந்தச் செம்மஞ்சள் பட்டிக்குரிய மக்களுள் ஒருவர். அதே நாட்களில் அம்மக்கள் தம் சொந்த நாட்டிலே கப்பலேறி ஓடிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

அதே அரங்கிலே இன்னொரு வாலிபரும் அவ்விழாவில் புகழ் பெற்றார். 200 மீற்றர், 400 மீற்றர் ஆகிய இரு ஓட்டங்களிலும் இந்தியாவுக்குத் தங்கம் பெற்ற மில்கா சிங் அவர். 1947 ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரத்திலே பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக டில்லிக்கு வந்து சேர்ந்தவர். வகுப்புக் கலவரத்தின் தழும்பு ஒருவரது வாழ்க்கையின் பின்னே கிடந்தது. மற்றவருடைய ஊரிலோ அந்நாட்களிலேயே அது எரிந்துகொண்டிருந்தது. இருவரும் தத்தம் நாட்டின் பெயராலேயே ஓடினார்கள், பாய்ந்தார்கள்.

மனிதரை எடைபோடுவதற்கு உலகிலே பல அளவுகோல்கள் உண்டு. உயரம் பாய்தலின் கோல் அவற்றுள் மிகவும் நேர்மையானது. அது பாய்பவனின் மொழியைக் கேட்பதில்லை. சாதியையும் சமயத்தையும் விசாரிப்பதில்லை. சிபாரிசுக் கடிதத்துக்கு இளகுவதுமில்லை. தட்டினால் விழும், தட்டாவிட்டால் நிற்கும். நாடுகளின் சட்டங்களும் அவ்வாறு இருந்திருந்தால் 1958 ஆம் ஆண்டின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும்.

பல்கலைக்கழகமும் விளையாட்டும்

எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கையிலே பதக்கத்துக்குச் சமமான இன்னொரு பேறு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற கல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமை தனியானது. இனப்பாகுபாடு கொடிகட்டிப் பறந்த காலத்திலும் கறுப்பின மாணவர்கள் படிப்பிலும் விளையாட்டிலும் ஒளிவீசிய இடம் அது. சமாதானத்துக்கான நோபல் பரிசை 1950 ஆம் ஆண்டு பெற்ற ரல்ப் பஞ்ச் அங்கே கூடைப்பந்து ஆடிய மாணவர். 1947 ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போல் பெருஞ்சங்கங்களில் நிலவிய நிறத்தடையை உடைத்த ஜக்கி ரொபின்சன் அங்கே நான்கு விளையாட்டுக்களில் பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர். 1960 ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக் விழாவில் பத்து அம்சப் போட்டியில் தங்கம் பெற்ற ரேபர் ஜோன்சன் அப்பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே விளையாட்டுக்கு உள்ள மதிப்பை நம்மவர் கற்பனை செய்வதும் கடினம். அங்கே அரசனாக வீற்றிருப்பது அமெரிக்கக் கால்பந்து. நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அன்று அது. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், தூர எறிந்தும், எதிரிகளை மோதித் தள்ளியும் ஆடுவது. அணியின் மூளையாக நின்று ஆட்டத்தை நடத்துபவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். சிறந்த குவார்ட்டர்பேக் ஒருவனின் பெயரை நாடு முழுவதும் சிறுபிள்ளைகளும் சொல்லும். 1954 ஆம் ஆண்டு இப்பல்கலைக்கழக அணி தேசத்தின் முதன்மையான அணிகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. ஏறக்குறைய இலட்சம் பேர் அமரக்கூடிய பெரும் அரங்கிலே அவர்கள் ஆடினார்கள். டூமாஸ் ஏழடியைத் தாண்டியதும் அந்த அரங்கிலேதான்.

உயரம் பாய்பவனுக்கு அவ்வளவு கூட்டமும் ஆரவாரமும் வாய்ப்பதில்லை. ஆனால் ஒரு விதி இரு சாராருக்கும் பொதுவானது. பந்தாட்ட வீரனாயினும், உயரம் பாய்பவனாயினும், பாடங்களில் குறித்த தரத்தை எட்டாவிட்டால் அணியில் இடமில்லை. கல்வி ஒருபுறம், விளையாட்டு ஒருபுறம் என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை. நம் நாட்டுப் பெற்றோர் பலர் இன்றும், "விளையாடினது போதும், புத்தகத்தை எடு" என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள். ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிட வேண்டியதில்லை என்பதற்கு எதிர்வீரசிங்கமே சாட்சி.

அவர் அங்கே பட்டம் பெற்றதோடு நின்றுவிடவில்லை. மேலும் கற்று, பின்னர் அமெரிக்காவின் கீழ்த்திசையிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஒலிம்பிக் களங்களில் இருமுறை நின்ற ஒருவர், தங்கப் பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, மீண்டும் மாணவராகப் புத்தகத்தின் முன் அமர்ந்தார் என்பதை நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டும்.

பதக்கத்துக்குப் பின்

1962 ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. எதிர்வீரசிங்கத்துக்கு அப்போது 28 வயது. உயரம் பாய்பவருக்கு அது இளமை என்று சொல்ல முடியாது. ஜப்பானிய வீரர் சுகியோகா தங்கம் பெற்றார். எதிர்வீரசிங்கம் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றார். பதினேழு வயதில் ஹெல்சிங்கியில் தொடங்கிய சர்வதேசப் பயணம், பத்து ஆண்டுகளின் பின்னரும் பதக்க மேடையிலேயே இருந்தது. ஒரு நாள் எட்டிய உயரத்தைவிட, பத்து வருடம் தளராமல் பேணிய பயிற்சியே பெரிது என்று தேகாப்பியாச ஆசிரியர்கள் சொல்வார்கள்.

களத்தை விட்டு விலகிய பின் அவர் கல்வியாளராகவே வாழ்ந்தார். ஆபிரிக்கக் கண்டத்தின் மேற்கு நாடுகளில் கல்விப் பணி புரிந்தார். அமெரிக்காவிலே குடியிருந்தபோதும், பிறந்த மண்ணின் பிள்ளைகளது கல்வியிலும் விளையாட்டிலும் அக்கறை கொண்டிருந்தார். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்து, யுத்தத்தால் சிதைந்த வடகிழக்கை மீளக் கட்டியெழுப்பும் முயற்சிகளிலும் முதிய வயதில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

இடையிலே அவர் நடமாடிய யாழ்ப்பாணம் எத்தனையோ துன்பங்களைக் கண்டுவிட்டது. மத்திய கல்லூரிக்கு அயலிலே நின்ற யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் 1981 ஆம் ஆண்டு எரிக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், 1958 ஆம் ஆண்டை மறக்கச் செய்யும் அளவு கொடிய கலவரம் மூண்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. ஊர்கள் பெயர்ந்தன, பாடசாலைகள் அகதி முகாம்களாயின, மைதானங்களில் புல் மண்டியது. எத்தனை பிள்ளைகளின் ஆற்றல் வெளிப்படாமலே மண்ணோடு போயிற்றோ! திரியாய் போன்ற கிராமத்து மக்களுக்கு இதைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்வீரசிங்கம் 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமது 89 ஆவது வயதில் காலமானார்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்வார்களாக. 2.03 மீற்றர் என்பது இன்றைக்கு உலகத்தின் பெரிய அளவன்று. கியூபா தேசத்தவரான சொட்டோமயோர் 1993 ஆம் ஆண்டு 2.45 மீற்றர் தாண்டி உலக சாதனை படைத்தார். எண்கள் பழையனவாகிப் போகும். அது சாதனைகளின் இயல்பு. ஆயினும் நல்ல பயிற்றுக் கருவிகளும் மெத்தையும் இல்லாத காலத்தில், முதலில் ஹெல்சிங்கியிலும் பின்னர் மெல்போர்ணிலும் வெறுங்கையோடு திரும்பியும் மனந்தளராமல், தோக்கியோவிலே வென்றாரே, அந்த உறுதி பழையதாவதில்லை.

அவர் முன்னே இரண்டு கோல்கள் இருந்தன. ஒன்று மைதானத்தில் இருந்தது. அதை அவர் தாண்டினார். மற்றையதை அவருடைய நாடு அவருடைய இனத்தார் முன்னே நிறுத்தியிருந்தது. அதை ஒரு மனிதனின் பாய்ச்சலால் தாண்டிவிட முடியாது. அதற்குக் கல்வி வேண்டும், பொறுமை வேண்டும், பல தலைமுறையின் கூட்டு முயற்சி வேண்டும். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் கல்விக்கே கொடுத்ததை இந்த நோக்கிலே பார்த்தால், பதக்கத்துக்குப் பின்வந்த அறுபது ஆண்டுகளும் முன்வந்த பத்து ஆண்டுகளுக்குச் சிறிதும் குறைந்தவையல்ல என்பது விளங்கும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த தை மாதத்தில் உங்கள் பிள்ளை மாலை வேளையில் இரண்டு தடிகளை நாட்டி, குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு முற்றத்திலே பாய்ந்தால் உடனே கோபித்துக் கொள்ளாதீர்கள். மண்ணைக் கொத்தி மிருதுவாக்கிக் கொடுங்கள். கல்லும் முள்ளும் கிடந்தால் பொறுக்கி விடுங்கள். விளக்கேற்றும் நேரம் வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு புத்தகத்தின் முன் அமரச் சொல்லுங்கள். பெரியவிளானில் பிறந்த பிள்ளைக்கு இரண்டும் கைகூடின. திரியாயில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் ஏன் கைகூடாது?